துப்பறியும் புனைவுக்குள் நுழைவோருக்கு: எதை முதலில் படிப்பது, எதைத் தள்ளிவைப்பது

துப்பறியும் நாவலை முடிவு தெரியாமல் படிக்கும் வாய்ப்பு ஒரு புத்தகத்துக்கு ஒருமுறைதான் கிடைக்கும். மற்ற வகை நாவல்களை வரிசை மாற்றிப் படித்தால் கொஞ்சம் குழப்பம் வரும், அவ்வளவே. இங்கே ஒரு புத்தகத்தை முந்திப் படித்துவிட்டால், இன்னும் கையில் எடுக்காத வேறு நான்கு புத்தகங்களின் குற்றவாளிகள் யாரென்று தெரிந்துபோகும் ஆபத்து உண்மையாகவே உண்டு. எங்கிருந்து தொடங்குவது, எந்தப் பதிப்பை வாங்குவது, எந்தத் தொடரை வரிசையாகப் படிப்பது என்று நான் தேடிய காலத்தில் கிடைத்தவையெல்லாம் தலைசிறந்த நூறு புத்தகங்கள் என்ற வகைப் பட்டியல்கள்தாம். அவை புத்தகங்களைச் சொல்லின. எதற்கு முன் எது என்பதைச் சொல்லவில்லை. அந்த வரிசையைப் பலவற்றைப் படித்தும் சிலவற்றை இழந்தும் கற்க நேர்ந்தது. புதிதாக வருபவர் அந்த இழப்பில்லாமல் உள்ளே வரவேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். கீழே வரும் எந்த இடத்திலும் எந்தப் புத்தகத்தின் முடிவும் சொல்லப்படவில்லை.

1. எந்தக் கேள்வி உங்களை இழுக்கிறது என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

குற்றப் புனைவின் உட்பிரிவுகளுக்குப் பெயர்கள் ஏராளம். அந்தப் பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொரு பிரிவும் வாசகரிடம் எந்தக் கேள்வியைக் கேட்கிறது என்று பார்ப்பது பயன் தரும்.

யார் செய்தது என்ற கேள்வி மரபான துப்பறியும் நாவலுக்கு உரியது. ஒரு வீடு, ஒரு ரயில், ஒரு தீவு என்று மூடிய வட்டத்துக்குள் சிலர். அவர்களில் ஒருவர் கொலையாளி. துப்புகள் எல்லாம் வாசகரின் கண்முன்னே வைக்கப்பட்டிருக்கும். எப்படிச் செய்தது என்ற கேள்வி, உள்ளிருந்து தாழிட்ட அறைக்குள் பிணம் கிடக்கும் பூட்டிய அறை மர்மங்களை ஆள்கிறது. ஏன் செய்தது என்பது உளவியல் குற்ற நாவலின் கேள்வி. அங்கே கொலையாளி யாரென்பது சில சமயம் முதல் வாக்கியத்திலேயே சொல்லப்பட்டுவிடும். ரூத் ரெண்டல் 1977-இல் எழுதிய ‘எ ஜட்ஜ்மென்ட் இன் ஸ்டோன்’ அப்படித்தான் தொடங்குகிறது: கொன்றவர், கொல்லப்பட்ட குடும்பம், காரணம் மூன்றும் முதல் வரியில் இருக்கின்றன, ஆனாலும் கடைசிப் பக்கம் வரை பதற்றம் குறைவதில்லை. பிடிபடுவாரா என்ற கேள்வி, குற்றத்தை முதலில் காட்டிவிட்டு விசாரணையைப் பின்னால் வைக்கும் தலைகீழ்க் கதைகளுக்கு உரியது.

இவற்றில் எது உங்களுக்குப் பிடிக்கும் என்று தெரியாத நிலையில் பெரிய நாவலை வாங்காதீர்கள். புதிர் பிடித்தவர் கையில் குற்றவாளியின் பக்கத்தில் நின்று பார்க்கும் நுவார் நாவலும், மனித மனத்தின் இருட்டு பிடித்தவர் கையில் ரயில் கால அட்டவணையைப் பிடித்துக்கொண்டு நகரும் நாவலும் கிடைத்தால், இந்த வகையே தமக்கு ஒத்துவராது என்று இருவரும் விலகிவிடுகிறார்கள். புதிய வாசகரை நாம் இழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

2. சிறுகதையில் தொடங்குங்கள்

சிறுகதை ஒன்றுக்கு ஒரு மணி நேரம் போதும். பிடிக்காவிட்டால் இழப்பும் அந்த ஒரு மணி நேரம்தான்.

ஆர்தர் கோனன் டாயில் ஷெர்லாக் ஹோம்ஸை வைத்து 4 நாவல்களும் 56 சிறுகதைகளும் எழுதினார். முழுத் தொகுப்பை வாங்குபவர்கள் அதன் முதல் பக்கத்திலிருந்து தொடங்குவது வழக்கம். முதலில் இருப்பது 1887-இல் வெளிவந்த ‘எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்’. இங்கேயே பலர் நின்றுவிடுகிறார்கள். நாவலின் இரண்டாம் பகுதி திடீரென்று அமெரிக்கப் பாலைநிலத்துக்குப் போய்விடுகிறது. ஐந்து அத்தியாயங்களுக்கு ஹோம்ஸ் கண்ணில் படுவதே இல்லை. எனவே முதலில் 1892-ஆம் ஆண்டின் ‘தி அட்வெஞ்சர்ஸ் ஆஃப் ஷெர்லாக் ஹோம்ஸ்’ தொகுப்பை எடுங்கள். அதில் ‘தி ரெட் ஹெட்டட் லீக்’, ‘தி ஸ்பெக்கிள்டு பேண்ட்’ ஆகிய இரண்டையும் படித்தால் இந்த வகை உங்களுக்கானதா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். முதல் கதை வினோதமான ஒரு விளம்பரத்திலிருந்து குற்றத்தை வெளியே இழுப்பது. இரண்டாவது, பூட்டிய அறையையும் அச்சத்தையும் ஒன்றாகக் கலப்பது.

அதன்பின் ‘மெம்வார்ஸ்’, அதற்குப் பின் ‘ரிட்டர்ன்’ என்ற தொகுப்பு வரிசையை மாற்றாதீர்கள். முன்னதன் கடைசிக் கதையான ‘தி ஃபைனல் பிராப்ளம்’ படிக்கும்வரை, பின்னதன் முதல் கதையைத் திறக்கவே வேண்டாம். நாவல்களில் ‘தி ஹவுண்ட் ஆஃப் தி பாஸ்கர்வில்ஸ்’ தனித்து நிற்பது. அதை எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம்.

ஜி. கே. செஸ்டர்டனின் பாதிரியார் பிரவுன் கதைகள் வேறு சுவை. கைரேகை, சாம்பல், காலடித் தடம் இவற்றைவிடப் பாவம் செய்யும் மனிதரின் மனத்தை அறிந்திருப்பதே அங்கே துப்பறிவு. 1911-இல் வந்த முதல் தொகுப்பு ‘தி இன்னசன்ஸ் ஆஃப் ஃபாதர் பிரவுன்’. அதையும் வரிசையாகவே படியுங்கள், ஏனெனில் தொடர்ந்து வரும் ஒரு பாத்திரம் கதைக்குக் கதை மாறுகிறது. எட்கர் ஆலன் போ எழுதியவற்றில் துப்பேன் என்ற துப்பறிவாளர் வரும் கதைகள் மூன்றே மூன்றுதான். 1841-இல் வந்த முதல் கதையின் தொடக்கத்தில் பகுப்பாய்வைப் பற்றிய நீண்ட விளக்கம் இருக்கிறது, அதைக் கடக்கப் பொறுமை வேண்டும். அதனால் போவை டாயிலுக்குப் பின்னால் வையுங்கள்.

3. முதல் நாவலை அகதா கிறிஸ்டியிடமிருந்து எடுங்கள். ஆனால் வரிசையில் கவனம் வையுங்கள்

கிறிஸ்டி எழுதிய துப்பறியும் நாவல்கள் 66. அவற்றில் 33-இல் ஹெர்குல் பாய்ரோவும், 12-இல் மிஸ் மார்ப்பிளும் துப்பறிவாளர்களாக வருகிறார்கள். அவருடைய மொழி நேரானது. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிப்பவருக்கும் எளிதில் வசப்படும். பெரும்பாலான நாவல்களைத் தனித்தனியாகப் படிக்கலாம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பெரும்பாலும் சரிதான், விதிவிலக்குகள்தாம் ஆபத்தானவை.

1937-இல் வெளிவந்த ‘டம்ப் விட்னெஸ்’ நாவலில் பாய்ரோ தாம் முன்பு சந்தித்த கொலையாளிகளை நினைவுகூர்கிறார். போகிற போக்கில் ‘தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்’, ‘தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்’, ‘தி மிஸ்டரி ஆஃப் தி புளூ டிரெய்ன்’, ‘டெத் இன் தி கிளவுட்ஸ்’ ஆகிய நான்கு நாவல்களின் குற்றவாளிகளுடைய பெயர்களும் வந்துவிடுகின்றன. 1936-ஆம் ஆண்டின் ‘கார்ட்ஸ் ஆன் தி டேபிள்’ நாவலில் வரும் ஒரே ஒரு வசனம் ‘மர்டர் ஆன் தி ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்’ கதையின் முடிவைப் போட்டு உடைக்கிறது. அட்டையிலோ முன்பக்கத்திலோ இதுபற்றி எந்த எச்சரிக்கையும் இருக்காது. எழுதப்பட்ட காலத்தில் வாசகர்கள் வெளிவந்த வரிசையிலேயே படித்ததால் அது சிக்கலாகத் தெரிந்திருக்காது. இன்று கையில் கிடைத்ததைப் படிக்கும் நமக்கு அது பெரிய சிக்கல்.

ஆகவே நான் பரிந்துரைக்கும் வரிசை இது. முதலில் ‘ரோஜர் அக்ராய்ட்’, 1926. அதன் முடிவுதான் உலகில் மிக அதிகமாகக் கசிந்த முடிவுகளில் ஒன்று. எந்தக் கட்டுரையும் எந்த நண்பரும் எந்த நேரத்திலும் சொல்லிவிடக்கூடும் என்பதால் அதை முதலில் பத்திரப்படுத்துங்கள். அடுத்து ‘ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்’, 1934. அதற்கும் இதே காரணம். மூன்றாவதாக, துப்பறிவாளரே இல்லாத ‘அண்ட் தென் தேர் வேர் நன்’, 1939. பிறகு ‘ஸ்டைல்ஸ்’, அதன்பின் மற்றவை. ‘டம்ப் விட்னெஸ்’ நாவலை, அது காட்டிக்கொடுக்கும் நான்கு நாவல்களையும் முடித்த பின்னரே தொடுங்கள்.

மிஸ் மார்ப்பிள் நாவல்கள் இந்த வகையில் பெரிய தொல்லை தருவதில்லை. 1930-இல் வந்த ‘தி மர்டர் அட் தி விகாரேஜ்’ நல்ல தொடக்கம்.

4. வாங்கும் முன் பதிப்புரிமைப் பக்கத்தைப் படியுங்கள்

இந்த வகைக்குள் நுழைபவர் பார்க்கவேண்டிய ஒரே ஆவணம், தலைப்புப் பக்கத்தின் பின்புறம் இருக்கும் பதிப்புரிமைப் பக்கம். அதில் நான்கு விவரங்களைத் தேடுங்கள்: முதலில் வெளிவந்த ஆண்டு, முதலில் வந்த தலைப்பு, மொழிபெயர்ப்பு எனில் மொழிபெயர்த்தவரின் பெயர், சுருக்கப் பதிப்பா என்ற குறிப்பு.

தலைப்பை ஏன் தேட வேண்டும் என்றால், ஒரே நாவல் பிரிட்டனில் ஒரு பெயரிலும் அமெரிக்காவில் வேறு பெயரிலும் வெளிவருவது இந்த வகையில் நெடுங்கால வழக்கம். ‘லார்ட் எட்ஜ்வேர் டைஸ்’ என்பதும் ‘தர்ட்டீன் அட் டின்னர்’ என்பதும் ஒரே நாவல். ‘தி சிட்டாஃபோர்ட் மிஸ்டரி’, ‘மர்டர் அட் ஹேசல்மூர்’ இரண்டும் ஒன்றே. ‘டம்ப் விட்னெஸ்’ அமெரிக்காவில் ‘பாய்ரோ லூசஸ் எ கிளையண்ட்’ என்று வந்தது. பெயர் மாறியிருப்பதால், மேலே சொன்ன எச்சரிக்கையை நினைவில் வைத்திருப்பவரும் ஏமாறக்கூடும். ‘4.50 ஃப்ரம் பேடிங்டன்’ அங்கே ‘வாட் மிசஸ் மெக்கில்லிகடி சா’ ஆயிற்று. ஜான் டிக்சன் காரின் ‘தி ஹாலோ மேன்’ அமெரிக்காவில் ‘தி த்ரீ காஃபின்ஸ்’. ‘அண்ட் தென் தேர் வேர் நன்’ பிரிட்டனில் முதலில் இனவசைச் சொல் கொண்ட தலைப்புடன் வந்து பின்னர் பெயர் மாற்றப்பட்டது. ‘டென் லிட்டில் இந்தியன்ஸ்’ என்ற பெயரிலும் அதன் பழைய பிரதிகள் உண்டு. பழைய புத்தகக் கடையில் புதிய பெயர் ஒன்றைக் கண்டு மகிழ்ந்து வாங்கிய நாவல், மூன்றாம் அத்தியாயத்தில் ஏற்கெனவே படித்ததாகத் தெரியவருவதற்கு இதுவே காரணம்.

சுருக்கப் பதிப்பு இன்னும் கெடுதல். காதல் கதையைச் சுருக்கினால் வர்ணனை போகும். துப்பறியும் கதையைச் சுருக்கினால் துப்பு போகும். சம்பந்தமில்லாததுபோல் தோன்றும் ஒரு வாக்கியத்தில்தான் ஆசிரியர் விடையை ஒளித்திருப்பார், சுருக்குபவர் முதலில் வெட்டுவதும் அதைத்தான். மாணவர்களுக்காக எளிமையாக்கப்பட்ட பதிப்புகளை மொழி பழக வேண்டுமானால் படிக்கலாம். புதிரோடு மோத அவை உதவாது.

5. முடிவு கசியும் வழிகளை அடைத்துவிடுங்கள்

செவ்வியல் மறுபதிப்புகளில் வேறொருவர் எழுதிய முன்னுரை இருந்தால், அதைக் கடைசியில் படியுங்கள். நாவலை எல்லோரும் ஏற்கெனவே படித்திருப்பார்கள் என்று நினைத்து எழுதப்படும் முன்னுரைகள் பல. பின்னட்டைக் குறிப்பில் முதல் இரண்டு வாக்கியங்களுக்கு மேல் போகவேண்டாம். நூறாம் பக்கத்தில் நடக்கும் இரண்டாம் கொலையை அங்கே போட்டு உடைப்பது சாதாரணம். இணையக் கலைக்களஞ்சியத்தில் ஒரு நாவலின் பக்கத்தைத் திறக்கவேண்டுமானால் வெளியான ஆண்டைப் பார்த்துவிட்டு மூடிவிடுங்கள், கதைச்சுருக்கம் என்ற பகுதி எதையும் மறைக்காது. திரைப்படத்தை முதலில் பார்க்காதீர்கள். புகழ்பெற்ற நடிகர் ஒருவர் சிறிய பாத்திரத்தில் வந்தால் மீதியை நாமே ஊகித்துவிடுகிறோம்.

புத்தகத்தைப் பக்கம் புரட்டிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் அதையும் இந்த வகைக்கு மட்டும் நிறுத்திவையுங்கள். கடைசி அத்தியாயங்களில் ஒரு பெயர் அடிக்கடி வருவது கண்ணில் பட்டாலே போதும்.

6. ஒரு தாளையும் பென்சிலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்

மூடிய வட்டக் கதைகளில் முதல் ஐம்பது பக்கங்களுக்குள் எட்டுப் பத்துப் பேர் வந்துவிடுவார்கள். பெயர்கள் அந்நியமானவை; ஒருவரையே குடும்பப் பெயராலும், முதற்பெயராலும், பட்டத்தாலும் மாறி மாறி அழைப்பார்கள். பாதியில் யார் யாரென்று தெரியாமல் போவதுதான் புதியவர் புத்தகத்தை மூடுவதற்கு முதல் காரணம். அதனால் ஒவ்வொருவர் நுழையும்போதும் அவருடைய எல்லாப் பெயர்களையும் ஒரே வரியில் எழுதிவிடுங்கள். ஜப்பானிய, ருஷ்ய, ஸ்வீடியப் பெயர்களுக்கு இது இன்னும் அவசியம். சில பதிப்புகளில் பாத்திரப் பட்டியல் முன்னாலேயே இருக்கும். இருந்தால் அதை நகலெடுத்து அடையாளத்தாளாக வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது நேரம். கொலை நடந்த இரவைப் பற்றி ஒவ்வொருவரும் சொல்வதை மூன்று பத்திகளாகப் பிரித்து எழுதுங்கள்: சொன்னவர் யார், என்ன சொன்னார், அதை வேறு யார் உறுதிப்படுத்தினார். உதாரணமாக, ஒரு மாளிகைக் கதையில் இப்படி வரலாம். மருத்துவர் 9.30-க்கு நூலகத்தில் விளக்கு எரிந்ததைப் பார்த்தார், தோட்டக்காரரும் பார்த்தார். மருமகள் 9.40-க்கு மாமனாரின் குரலைக் கேட்டார். கூட இருந்த தோழியும் கேட்டார். செயலர் 9.50-க்கு மாமனாரோடு கதவருகில் நின்று பேசினார். மூன்றாம் பத்தி வெறுமையாக இருக்கிறது. மேலும் உற்றுப் பார்த்தால், 9.40-க்குக் கேட்டது குரல் மட்டுமே; அந்த நேரத்தில் அவரைக் கண்ணால் பார்த்தவர் ஒருவரும் இல்லை. அப்படியென்றால் அவர் உயிரோடு இருந்தது கடைசியாக எப்போது உறுதியாகத் தெரிகிறது? இந்தக் கேள்வி மனத்துக்குள் எழாமல் படிப்பவருக்கும், எழுந்த பின் படிப்பவருக்கும் கிடைப்பவை இரண்டு வேறு நாவல்கள். குறிப்பு எடுப்பது பள்ளிப்பாடம்போல் தோன்றினாலும், வெறுமையான அந்த மூன்றாம் பத்தி தரும் சிலிர்ப்பை அனுபவித்தவர் அதை விடமாட்டார்.

எலரி குவீன் என்ற பெயரில் எழுதிய இரு சகோதர உறவினர்கள், தங்கள் தொடக்ககால நாவல்களில் முடிவுக்குச் சற்றுமுன் கதையை நிறுத்தி, தேவையான எல்லாத் துப்புகளும் உங்களிடம் வந்துவிட்டன என்று வாசகருக்குச் சவால் விடும் ஒரு பக்கத்தை வைத்தார்கள். அப்படி ஒரு பக்கம் வந்தால் அன்றைக்கு அங்கேயே நிறுத்திவிட்டுத் தாளை ஒருமுறை பாருங்கள். சவால் பக்கம் இல்லாத நாவல்களில், துப்பறிவாளர் எல்லோரையும் ஓர் அறையில் கூட்டும் இடம் அதற்கு ஒப்பானது. விடை தவறாகப் போனால் கவலை வேண்டாம், ஏமாறுவதற்காகவே வந்திருக்கிறோம்.

7. பிறகு கிளைகளுக்குச் செல்லுங்கள்

பூட்டிய அறை பிடித்தவர்கள் ஜான் டிக்சன் காரையும், அங்கிருந்து ஜப்பானையும் நோக்கிச் செல்லலாம். 1935-ஆம் ஆண்டின் ‘தி ஹாலோ மேன்’ நாவலின் 17-ஆம் அத்தியாயத்தில் துப்பறிவாளர் கதையை நிறுத்திவிட்டுப் பூட்டிய அறையை உருவாக்கும் வழிகளையெல்லாம் வகைபிரித்துப் பேருரை ஆற்றுகிறார். வித்தைகளின் கருவூலமே அங்கே திறந்து கிடப்பதால், வேறு சில பூட்டிய அறைக் கதைகளைப் படித்த பின்னர் அதற்கு வருவது நல்லது. ஜப்பானில் செய்ஷி யோகோமிசோவின் ‘தி ஹோன்ஜின் மர்டர்ஸ்’ சிறியது, அதிலிருந்து தொடங்கலாம். சோஜி ஷிமதாவின் ‘தி டோக்கியோ ஸோடியாக் மர்டர்ஸ்’, 1981, புதிர் விரும்பிகளுக்குப் பெருவிருந்து. ஆனால் ஓர் ஓவியர் எழுதிவைத்த நீண்ட, கொடூரமான குறிப்பே அதன் தொடக்கம். அதைக் கடந்தபின்தான் நாவல் வேகமெடுக்கிறது என்று தெரிந்துகொண்டு உள்ளே செல்லுங்கள்.

முரட்டு நகரத் தெருக்களில் கூலிக்குத் துப்பறியும் மனிதரின் கதைகள் ஹார்ட்பாய்ல்டு எனப்படும் கிளை. இங்கே புதிரைவிட நடையும் ஒழுக்கச் சிக்கலும் முக்கியம். டாஷியல் ஹாமெட் உண்மையிலேயே பிங்கர்டன் துப்பறியும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1930-ஆம் ஆண்டின் ‘தி மால்டீஸ் ஃபால்கன்’ நாவலில் எந்தப் பாத்திரத்தின் மனத்துக்குள்ளும் அவர் ஒருமுறைகூட நுழைவதில்லை. பேசியதும் செய்ததும் மட்டுமே நமக்குக் காட்டப்படும், நாயகனை நம்பலாமா என்பதையும் நாமே முடிவுசெய்யவேண்டும். ரேமண்ட் சாண்ட்லர் துப்பறிவாளர் மார்லோவை வைத்து முடித்த நாவல்கள் 7. முதலாவது 1939-ஆம் ஆண்டின் ‘தி பிக் ஸ்லீப்’. சாண்ட்லரின் கதைப்பின்னல் கையில் நிற்காது. அதைத் துரத்தாமல் வாக்கியங்களைப் பிடித்துக்கொண்டு படிப்பவருக்கே அவர் கைகொடுப்பார்.

குற்றவாளியின் பக்கத்தில் நின்று பார்க்கும் நுவாருக்கு ஜேம்ஸ் எம். கெயினின் ‘தி போஸ்ட்மேன் ஆல்வேஸ் ரிங்ஸ் ட்வைஸ்’ ஒரே மாலையில் முடியக்கூடியது. பட்ரீஷியா ஹைஸ்மித்தின் ‘தி டேலன்டட் மிஸ்டர் ரிப்லி’, 1955, அதைவிட ஆழமானது; ஒரு கொலைகாரர் பிடிபட்டுவிடுவாரோ என்று நம்மையே அஞ்சவைக்கிறது. தலைகீழ்க் கதைகளில் கெய்கோ ஹிகஷினோ 2005-இல் எழுதிய ‘தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்’ நாவலைத் தயக்கமில்லாமல் பரிந்துரைப்பேன். கொலை தொடக்கத்திலேயே நம் கண்முன் நடந்துவிடுகிறது, இனி மறைக்க என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே படியுங்கள்.

வரலாற்றுக் குற்ற நாவலில் உம்பர்ட்டோ எக்கோவின் ‘தி நேம் ஆஃப் தி ரோஸ்’ மிகப் பெரிய பெயர். ஐந்நூறு பக்க அளவிலான அதை முதல் ஆண்டில் எடுக்கவேண்டாம்.

8. தொடர்களை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்

சில தொடர்களில் வரிசை தேவையில்லை. ஜார்ஜ் சிமெனோனின் இன்ஸ்பெக்டர் மெக்ரே நாவல்கள் 75. எதை வேண்டுமானாலும் முதலில் எடுக்கலாம், ஒவ்வொன்றும் சிறியது. சில தொடர்களில் வரிசை இருந்தால் நல்லது. மார்லோ நாவல்கள் அப்படி.

மூன்றாம் வகையில் வரிசை கட்டாயம். மாய் ஷோவால், பேர் வாலூ இணையர் 1965 முதல் 1975 வரை எழுதிய மார்ட்டின் பெக் தொடரின் 10 நாவல்களும் சேர்ந்து ஒரே பெரிய கதையாகத் திட்டமிடப்பட்டவை. பெக்கின் மணவாழ்க்கை, சக காவலர்களின் வாழ்வும் இழப்பும், ஸ்வீடியச் சமூகத்தின் மீதான அவர்களுடைய கோபம் எல்லாம் புத்தகத்துக்குப் புத்தகம் வளர்கின்றன. முதல் நாவல் ‘ரோசன்னா’. காவல் துறை விசாரணையின் மந்தமான உண்மையை, அதாவது பல மாதக் காத்திருப்பையும் பலனில்லாத தொலைபேசி அழைப்புகளையும், இவ்வளவு ஈர்ப்போடு எழுதமுடியும் என்பதற்கு அதுவே சான்று.

இந்த மூன்றாம் வகையில் ஒரு பெரிய பொறி உண்டு: மொழிபெயர்ப்பு வெளிவந்த வரிசையும் மூலத்தின் வரிசையும் வேறுபடலாம். நார்வே எழுத்தாளர் ஜோ நெஸ்போவின் ஹேரி ஹோல் தொடரில் ‘தி ரெட்பிரெஸ்ட்’, ‘நெமிசிஸ்’, ‘தி டெவில்ஸ் ஸ்டார்’ ஆகியவை 3, 4, 5-ஆம் நாவல்கள். மூன்றையும் ஒரே இழை கட்டுகிறது. ஆங்கிலத்திலோ ஐந்தாம் நாவல் 2005-இல் முதலில் வந்தது, மூன்றாவது அதற்குப் பின்னரும் நான்காவது 2008-இலும் வந்தன. ஆங்கிலப் பதிப்பு ஆண்டை நம்பி வரிசைப்படுத்தினால், அந்த இழையின் முடிச்சு அவிழ்வதைப் படித்துவிட்டு அது விழுவதைப் படிக்க நேரும். எனவே மொழிபெயர்ப்புத் தொடர்களுக்கு எப்போதும் மூலமொழியில் வெளிவந்த ஆண்டையே கணக்கில் கொள்ளுங்கள். பதிப்புரிமைப் பக்கம் இங்கேயும் உதவும்.

9. செலவையும் நேரத்தையும் முன்கூட்டியே கணக்கிடுங்கள்

முதல் சில மாதங்களுக்குப் பணமே செலவழிக்க வேண்டியதில்லை. போ, வில்கி காலின்ஸ், டாயில், செஸ்டர்டன் ஆகியோரின் எழுத்துகளுக்குப் பெரும்பாலான நாடுகளில் பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. குட்டன்பர்க் திட்டத்தின் தளத்தில் மின்னூலாகவும், தன்னார்வலர்கள் வாசித்துத் தரும் லிப்ரிவாக்ஸ் தளத்தில் ஒலிநூலாகவும் கிடைக்கின்றன. விதி நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள், பிரிட்டனில் 70 ஆண்டுகள், அமெரிக்காவில் பழைய நூல்களுக்கு வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள். இதனால்தான் ‘ரோஜர் அக்ராய்ட்’ அமெரிக்காவில் 2022 முதல் கட்டற்றதாக இருக்க, கிறிஸ்டி 1976-இல் காலமானதால் இந்தியாவில் 2036 இறுதிவரையும் பிரிட்டனில் 2046 இறுதிவரையும் உரிமை நீடிக்கிறது. நீங்கள் வாழும் நாட்டின் விதியைப் பார்த்துவிட்டுப் பதிவிறக்குங்கள்.

பணம் செலவழிப்பதாக இருந்தால் தொடரின் பெட்டித் தொகுப்பை முதலில் வாங்காதீர்கள். முதல் புத்தகத்தை நூலகத்தில் எடுத்துப் படியுங்கள், பிடித்தால் இரண்டாவதை வாங்குங்கள். இந்த வகைப் புத்தகங்கள் பழைய புத்தகச் சந்தையில் தாராளமாகப் புழங்குகின்றன. ஆனால் முன்பு வைத்திருந்தவர் குற்றவாளியின் பெயரைப் பாத்திரப் பட்டியலில் அடிக்கோடிட்டு வைத்திருப்பதும் உண்டு, அதனால் வாங்கும்போது அந்தப் பக்கத்தை வேறொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நேரக் கணக்கு, நிமிடத்துக்கு 150 முதல் 200 சொற்கள் படிப்பவருக்கு ஏறத்தாழ இப்படி வரும். ஹோம்ஸ் சிறுகதை ஒரு மணி நேரத்துக்குள். மெக்ரே நாவல் 3 முதல் 4 மணி நேரம். கிறிஸ்டி நாவல் 5 முதல் 7 மணி நேரம். வில்கி காலின்ஸின் ‘தி மூன்ஸ்டோன்’ 16 மணி நேரத்துக்குக் குறையாது. பலர் மாறி மாறிக் கதை சொல்லும் அந்த 1868-ஆம் ஆண்டு நாவலை விடுமுறைக்கு ஒதுக்குங்கள். நாவல் எதுவானாலும் ஒரு வாரத்துக்குமேல் இழுக்கவிடவேண்டாம், துப்புகள் மறந்துவிடும். கடைசிக் கால்பகுதியை மட்டும் ஒரே அமர்வில் முடியுங்கள். இரவு பதினொரு மணிக்கு அந்தப் பகுதியைத் தொடங்கினால் தூக்கம் போய்விடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

10. தமிழில் படிக்க விரும்பினால்

சுஜாதாவின் கணேஷ், வசந்த் நாவல்களே என் முதல் பரிந்துரை. இருவரும் வழக்கறிஞர்கள் என்பதால் குற்றம் நீதிமன்றம் வரை நகர்கிறது. கணேஷ் தனியாக வரும் ‘நைலான் கயிறு’ நாவலில் தொடங்கி, வசந்த் சேர்ந்தபின் வருபவற்றுக்குச் செல்லலாம். ‘கொலையுதிர் காலம்’ நாவலை இரவில் தனியே படிக்கும்போது அதன் முழு வலிமையும் தெரியும். ராஜேஷ்குமாரின் விவேக், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத், சுசீலா, சுபாவின் நரேந்திரன், வைஜெயந்தி ஆகியோர் வரும் பாக்கெட் நாவல்கள் ஒரே அமர்வில் முடிபவை. வரிசை பெரிதாகத் தேவைப்படாது. தேவனின் துப்பறியும் சாம்பு நகைச்சுவைக்காகப் படிக்கவேண்டியது, புதிரை எதிர்பார்த்து எடுக்காதீர்கள். மொழிபெயர்ப்பில் கிறிஸ்டியையோ டாயிலையோ எடுத்தால், முழு மொழிபெயர்ப்பா சுருக்கமா என்பதை நான்காம் படியில் சொன்னபடி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

11. தள்ளிவைக்க வேண்டிய புத்தகங்கள்

எல்லாம் கையில் கிடைத்தாலும் சிலவற்றை அலமாரியிலேயே விட்டுவையுங்கள். யுகிட்டோ அயட்சுஜியின் ‘தி டெககன் ஹவுஸ் மர்டர்ஸ்’, 1987, ‘அண்ட் தென் தேர் வேர் நன்’ படித்திருப்பவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அதன் மாணவர்கள் ஒருவரையொருவர் எலரி, கார், அகதா, போ என்று பழைய எழுத்தாளர்களின் பெயர்களால் அழைக்கிறார்கள், அந்தப் பெயர்கள் உங்களுக்குப் பழக்கமான பிறகே அதை எடுங்கள். 1975-இல் வந்த ‘கர்ட்டன்’ பாய்ரோவின் கடைசி வழக்கு. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே எழுதிப் பூட்டிவைக்கப்பட்ட அந்த நாவல், முதல் நாவல் நடந்த அதே ஸ்டைல்ஸ் மாளிகைக்குத் திரும்புகிறது. குறைந்தது பத்துப் பாய்ரோ நாவல்களாவது முடித்திருக்கவேண்டும்; எடுப்பதற்கு முந்தைய வாரம் ‘ஸ்டைல்ஸ்’ நாவலை மறுபடி ஒருமுறை படித்துவிட்டு உட்காருங்கள்.